ஆக்டேன் எண்ணை வைத்து மைலேஜ் கணக்குப் போட முடியாது

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் வாகனப் பக்கத்தின் கேள்வி பதிலில், ‘அதிக ஆக்டேன் பெட்ரோல் போட்டால் காருக்கு மைலேஜ் கூடுமா?’ என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ‘ஆக்டேன் கூடக் கூட பெட்ரோலின் சக்தி கூடும், அதனால் மைலேஜும் கூடும்’ என்று இரண்டே வரியில் பதில் போட்டிருந்தீர்கள். முதல் பாதி தப்பு. இரண்டாவது பாதி சில கார்களுக்கு மட்டும், சில நேரங்களில் மட்டும் சரி, அதுவும் நீங்கள் சொன்ன காரணத்தால் இல்லை. இன்ஜின் வேலையோடு பல வருடமாகப் புழங்கிவருகிறேன், இந்த இரண்டு வரியை நம்பி ஒவ்வொரு தடவையும் டேங்க்குக்கு அதிகக் காசு கொடுப்பவர்களைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இடம் போதாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் பெட்ரோலில் கலக்கும் எத்தனால் என்ற ஆல்கஹால் பற்றிய பகுதியை மட்டும் வெட்டாதீர்கள்.

ஆக்டேன் எண் என்பது பெட்ரோலின் பொறுமையைக் காட்டுகிற எண். அழுத்தமும் சூடும் ஏறும்போது தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கும் என்பதைத்தான் அது சொல்கிறது. ஒரு லிட்டரில் எவ்வளவு சக்தி அடங்கியிருக்கிறது என்பதற்கும் அதற்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது.

இது புரிய சிலிண்டருக்குள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கவேண்டும். பிளக் பொறி வைத்ததும் உள்ளே இருக்கும் பெட்ரோல், காற்றுக் கலவை முழுவதும் ஒரேயடியாக வெடித்துவிடுவதில்லை. பிளக்குக்குப் பக்கத்தில் தீ பிடித்து, அங்கிருந்து விரிந்து, சிலிண்டரின் ஓரச் சுவர்வரை போய்ச் சேர சில மில்லி செகண்டு எடுக்கும். அந்த இடைவெளியில் ஓரத்தில் இன்னும் எரியாமல் கிடக்கும் கலவையின் நிலைமை மோசம்: ஒரு பக்கம் பிஸ்டன் ஏற்கெனவே நெருக்கி வைத்திருக்கிறது, மறுபக்கம் விரிந்துவரும் நெருப்பு நெருக்குகிறது, சூடு ஏறிக்கொண்டே போகிறது. நெருப்பு வந்து தொடும்வரை அது பொறுத்துக்கொண்டால் நல்லது. பொறுக்காமல் தானாகவே பற்றிக்கொண்டால் அந்த ஓரக் கலவை ஒரே கணத்தில் படீரென்று எரிந்து, அழுத்த அலை சுவரில் மோதி இன்ஜினையே அதிரவைக்கும். இதைத்தான் நாக்கிங் என்கிறோம். வண்டி நிறைய ஆட்களோடு மேடு ஏறும்போது, கியரைக் குறைக்காமல் ஆக்ஸிலரேட்டரை அப்படியே அழுத்திப் பாருங்கள், தகர டப்பாவில் சோளத்தைப் போட்டுக் குலுக்கின மாதிரி ஒரு சத்தம் கேட்டால் அதுதான். பலர் அதை வால்வு சத்தம் என்று நினைத்துவிடுகிறார்கள். தொடர்ந்து நடந்தால் பிஸ்டன் தலை அரிக்கும், ரிங் உட்காரும் இடம் உடையும், ஹெட் கேஸ்கெட் போகும்.

இந்தப் பொறுமையை அளக்க 1920களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் கிரஹாம் எட்கர் என்ற வேதியியலாளர் ஒரு அளவுகோல் வகுத்தார். ஐசோ ஆக்டேன் என்ற திரவம் லேசில் நாக் ஆகாது, அதற்கு 100. நார்மல் ஹெப்டேன் சட்டென்று நாக் ஆகிவிடும், அதற்கு 0. ஒரு பெட்ரோலுக்கு 95 என்று போட்டிருந்தால், 95 பங்கு ஐசோ ஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை எந்த இடத்தில் நாக் ஆகுமோ அதே இடத்தில் இதுவும் நாக் ஆகும் என்று அர்த்தம். அளப்பதற்கென்றே ஒற்றைச் சிலிண்டர் இன்ஜின் ஒன்று இருக்கிறது, ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் கம்ப்ரஷனை, அதாவது கலவையை நெருக்கும் அளவை, கூட்டலாம் குறைக்கலாம். அதை 600 ஆர்பிஎம்மில் ஓட்டி எடுக்கும் அளவு ஆர்ஓஎன். 900 ஆர்பிஎம்மில், கலவையை நன்றாகச் சூடாக்கி, இன்னும் கடுமையான நிலையில் எடுக்கும் அளவு எம்ஓஎன், இது எப்போதும் சில எண்கள் குறைவாகவே வரும். பெரும்பாலான நாடுகளில் பங்க்கில் எழுதியிருப்பது ஆர்ஓஎன். அமெரிக்காவில் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து எழுதுகிறார்கள், அதனால் அங்கே 87 என்று இருக்கும் சாதாரண பெட்ரோல் மற்ற நாட்டுக் கணக்கில் ஏறக்குறைய 91 அல்லது 92. வெளிநாட்டு வீடியோவில் ஒருவர் 87 போட்டு ஓட்டுவதைப் பார்த்துவிட்டு ‘நம்ம வண்டிக்கும் அது போதுமே’ என்று கிளம்புகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளவும்.

இந்த அளவு முழுக்க எதிர்ப்புச் சக்தியைப் பற்றியது. எரிசக்தியை அளக்கும் வேலை இதில் எங்குமே வரவில்லை.

ஆனாலும் ‘சக்தி கூட’ என்ற நம்பிக்கை எளிதில் போகாது என்று தெரியும், அதனால்தான் எத்தனாலைப் பற்றிச் சொல்கிறேன். எத்தனாலின் ஆர்ஓஎன் சுமார் 108, பங்க்கில் கூடுதல் விலைக்குக் கிடைக்கும் எந்தப் பிரீமியம் (அதிக ஆக்டேன்) பெட்ரோலும் அதைத் தொட முடியாது. ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் எரிசக்தி சுமார் 21 மெகாஜூல், பெட்ரோலில் சுமார் 32. அதாவது மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே 10 சதவீதம் எத்தனால் கலந்தால் லிட்டருக்கு 3 சதவீதத்துக்குச் சற்று மேலே சக்தி குறைகிறது, 20 சதவீதம் கலந்தால் 7 சதவீதத்தை ஒட்டிக் குறைகிறது. ஆக்டேன் ஏறுகிறது, சக்தி இறங்குகிறது, மைலேஜும் அதோடு சேர்ந்து இறங்குகிறது. மெத்தனாலை எடுத்துக்கொண்டால் இன்னும் மோசம், ஆக்டேன் அதே உயரத்தில் இருக்கும், ஒரு லிட்டரில் சக்தியோ பெட்ரோலில் பாதிதான். ரேஸ் வண்டிகள் அதை ஊற்றி ஓட்டியதற்குக் காரணம் சிக்கனம் இல்லை, உள்ளே போகும் காற்றை அது குளிரவைக்கும், நன்றாக நெருக்கினாலும் லேசில் நாக் ஆகாது, அவ்வளவுதான். அதற்குப் பதிலாக டேங்க்கைப் பெரிதாக வைத்துக்கொண்டார்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதை மறைத்தால் நானும் அரைகுறையாகச் சொன்னவன் ஆகிவிடுவேன். எத்தனால் கலவைக்கென்றே கம்ப்ரஷனை ஏற்றி வடிவமைத்த இன்ஜினில் அந்தச் சக்தி இழப்பில் ஒரு பகுதியைத் திரும்பப் பிடிக்கலாம். கலவைக்குத் தாங்கும் வண்டி வேறு, கலவைக்காகவே வடிவமைத்த வண்டி வேறு. ரப்பர் குழாயும் சீலும் கெடாமல் இருந்தால் அது தாங்கும் வண்டி, அவ்வளவே. அதில் மைலேஜ் இறங்கத்தான் செய்யும். மைலேஜ் குறைகிறது என்று சர்வீசுக்கு வரும் ஓனரைப் பார்த்து ‘நீங்க ஓட்டுறது சரியில்லை’ என்று சொல்லி அனுப்பிவிடுவது நியாயம் இல்லை.

சரி, அப்படியென்றால் ஆக்டேனால் மைலேஜ் கூடுவதே கிடையாதா என்றால், கூடும். பெட்ரோலால் நேரடியாக இல்லை, இன்ஜின் வழியாக. இரண்டு வழி.

முதல் வழி கம்ப்ரஷன் விகிதம், அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்பது. கலவையை எவ்வளவு இறுக்கிவிட்டு எரிக்கிறோமோ அவ்வளவுக்கு அந்தச் சூட்டிலிருந்து அதிக வேலையைக் கறக்கலாம். ஏட்டுக் கணக்கில் விகிதம் 8 ஆக இருந்தால் செயல்திறன் 56 சதவீதம் சொச்சம், 10 என்றால் 60, 12 என்றால் 63. நிஜ இன்ஜினில் உராய்வு, வெப்ப இழப்பு எல்லாம் போக இதைவிட நிறையக் குறையும், நல்ல கார் இன்ஜின் 40 சதவீதத்தைத் தொட்டாலே பெரிய விஷயம். ஆனாலும் ஏறுகிற திசை அதுதான். இறுக்கினால் சூடு ஏறும், சூடு ஏறினால் நாக் ஆகும், நாக் ஆகாமல் இருக்க ஆக்டேன் வேண்டும். ஆக்டேனுக்கும் சிக்கனத்துக்கும் உள்ள உண்மையான உறவு இந்தச் சங்கிலிதான். மாஸ்டா நிறுவனம் ஸ்கைஆக்டிவ் பெட்ரோல் இன்ஜினைக் கொண்டுவந்தபோது 95 ஆர்ஓஎன் கிடைக்கும் ஐரோப்பாவுக்கு 14 என்ற விகிதத்தில் கொடுத்தது, சாதாரண பெட்ரோல் போடும் அமெரிக்காவுக்கு அதையே 13 ஆக இறக்கிக் கொடுத்தது. எந்த ஆக்டேனுக்கு எவ்வளவு இறுக்கலாம் என்பது ஃபேக்டரியிலேயே முடிவாகிவிடுகிறது. அதற்குப் பிறகு நீங்கள் பங்க்கில் நின்று எந்தப் பைப்பைக் கேட்டாலும் பிஸ்டன் கூடுதலாக ஒரு மில்லிமீட்டர்கூட மேலே வரப்போவதில்லை.

இரண்டாவது வழி டைமிங், அதாவது பொறி வைக்கும் நேரம். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சில டிகிரி முன்னாலேயே பிளக் பொறி வைக்கவேண்டும், அப்போதுதான் அழுத்தம் உச்சத்தைத் தொடும் நேரம் பிஸ்டன் இறங்கத் தொடங்கிய நேரத்தோடு சரியாகப் பொருந்தும். நாக் வந்தால் இசியூ, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், என்ன செய்யும் என்றால், பொறியைத் தள்ளிப்போடும். இன்ஜின் பிளாக்கில் போல்ட் போட்டு இறுக்கிய ஒரு சின்ன சென்சார் அதிர்வைக் கேட்டுச் சொல்லும், இசியூ உடனே டைமிங்கைப் பின்னால் இழுக்கும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் கொண்டுவந்து பார்க்கும், மறுபடி சத்தம் கேட்டால் மறுபடி இழுக்கும். பொறி தாமதமானால் கலவை தாமதமாக எரிந்து, வேலையாக மாறவேண்டிய சூட்டில் ஒரு பங்கு சைலன்சர் வழியாக வெளியே போய்விடும். மைலேஜ் அங்கேதான் ஒழுகுகிறது. அதிக ஆக்டேன் போட்டால் இந்த இழுவை நின்றுபோகும், ஒழுகினது திரும்பக் கிடைக்கும். உங்கள் வண்டியில் ஒழுகுவதே இல்லையென்றால்? திரும்பக் கிடைக்க எதுவும் இல்லை.

இதில் யாரும் அவ்வளவாகப் பேசாத ஒன்று இருக்கிறது, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. நாக் என்பது இன்ஜின் பாரத்தில் திணறும்போது வருவது. சமதளத்தில் ஒரே வேகத்தில் நிதானமாகப் போகும்போது காற்றை உள்ளே விடும் திராட்டில் கால்வாசிதான் திறந்திருக்கும், சிலிண்டருக்குள் போகும் காற்று குறைவு, அழுத்தம் குறைவு, 91 ஆர்ஓஎன்னே அங்கே தாராளம், டைமிங்கும் ஏற்கெனவே எங்கே இருக்கவேண்டுமோ அங்கேதான் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் வண்டி ஓட்டும் நேரத்தில் பெரும்பகுதி இந்த நிலையில்தான் போகிறது. ஆக, பிரீமியம் கேட்கும் காரில்கூட கூடுதல் ஆக்டேனின் பலன் முழுநேரமும் கிடைப்பதில்லை, மேடு ஏறும்போதும், ஓவர்டேக் பண்ண அழுத்தும்போதும், கடும் வெயிலில் ஏசி போட்டு ஐந்து பேரோடு போகும்போதும்தான் அது வேலைக்கு வருகிறது. நிதானமாக ஓட்டி மைலேஜ் எடுக்கிற ஆள்தான் பிரீமியத்தால் மிகக் குறைவாகப் பயனடைகிறவர், ஆனால் மைலேஜுக்காக அதைப் போடுகிறவரும் பெரும்பாலும் அவர்தான்.

காரை வைத்துப் பார்த்தால் இப்படி வரும். பழைய கார்புரேட்டர் வண்டி, நாக் சென்சாரே கிடையாது, டைமிங் கையால் வைத்தது. அதில் ஆக்டேனை ஏற்றினால் தானாக ஒன்றும் மாறாது, பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் போல்ட்டைத் தளர்த்தி, டைமிங் லைட் பிடித்து, இரண்டு டிகிரி முன்னே திருப்பி இறுக்கினால்தான் புது பெட்ரோலுக்கு ஏற்றபடி இன்ஜின் மாறும். யாரும் அதைச் செய்வதில்லை, பெட்ரோலை மட்டும் மாற்றிவிட்டு ‘வண்டி சும்மா பறக்குது’ என்கிறார்கள். அடுத்தது, சாதாரண பெட்ரோலுக்கென்றே வடிவமைத்த இன்றைய கார். சென்சார் இருக்கும், ஆனால் அந்த பெட்ரோலில் சரியான டைமிங்கைத் தொடும்படிதான் கம்ப்ரஷனே வைத்திருப்பார்கள், அதற்கு மேல் முன்னால் தள்ள இசியூவில் மேப் (டைமிங் அட்டவணை) பெரும்பாலும் இருக்காது, தள்ளினாலும் லாபம் இல்லை. அமெரிக்காவின் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் அமைப்பு 2016ல் இந்த வகைக் கார்களைச் சோதித்துவிட்டு, பிரீமியத்தால் குறிப்பிடத்தக்க பலன் எதுவும் இல்லை என்றே சொன்னது.

மூன்றாவது வகைதான் சிக்கலானது. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ வைத்த சின்ன இன்ஜின்கள், கம்ப்ரஷன் உயர்ந்த இன்ஜின்கள். இவற்றின் மேனுவலில் ஒரு எண் ‘கட்டாயம்’ என்றோ ‘பரிந்துரை’ என்றோ போட்டிருக்கும். இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவே பெரிய வித்தியாசம். பரிந்துரை என்றால் குறைந்த ஆக்டேனிலும் ஓடும், டைமிங்கையும் டர்போ அழுத்தத்தையும் குறைத்துக்கொண்டு ஓடும். கட்டாயம் என்றால் அதற்குக் கீழே போகாதீர்கள், சென்சாரை நம்பி இன்ஜினைப் பணயம் வைக்கவேண்டாம். அதே ஏஏஏ 2017ல் பரிந்துரை வகைக் கார்களைச் சோதித்தபோது பிரீமியம் போட்டதில் மைலேஜ் சராசரியாக 2.7 சதவீதம் கூடியது, பவர் 1.4 சதவீதம். ஒவ்வொரு காராகப் பார்த்தால் பெரிய எஸ்யூவி ஒன்றில் 7.1 சதவீதம் கூடியிருக்கிறது, இன்னொரு சின்ன காரில் 1 சதவீதம் குறைந்தே இருக்கிறது. ஒரே பரிந்துரை, ஒரே வகை பெட்ரோல், முடிவு இவ்வளவு சிதறலாக. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் காருக்கு 2.7 சதவீதம் என்றால் நானூறு மீட்டர். அவ்வளவுதான்.

இன்ஜினை மாற்றினால்தான் ஆக்டேன் வேலை செய்யும் என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் 1940. பிரிட்டிஷ் விமானப்படையின் ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் விமானங்களுக்கு 100 ஆக்டேன் பெட்ரோல் வந்தபோது பெட்ரோலை மட்டும் மாற்றி விட்டுவிடவில்லை, அவற்றின் மெர்லின் இன்ஜினில் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சூப்பர்சார்ஜரின் அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு ஆறேகால் பவுண்டிலிருந்து 12 பவுண்டுக்கு ஏற்றினார்கள். கூடுதல் வேகம் அந்த அழுத்தத்தால் வந்தது, உடைந்துபோகாமல் அதைத் தாங்கவைத்தது ஆக்டேன். அதுவும் வேகத்துக்காகத்தான், சிக்கனத்தைப் பற்றி யாரும் அங்கே யோசிக்கவில்லை.

இதோடு ஒட்டிய இன்னொன்று, கொஞ்சம் வேதனையானதும்கூட. 1921 டிசம்பரில் தாமஸ் மிட்ஜ்லி ஈயச் சேர்மம் ஒன்றைப் பெட்ரோலில் சொட்டு விட்டால் நாக் அடங்குகிறது என்று கண்டுபிடித்தார். அந்த ஈயம் பெட்ரோலுக்கு ஒரு துளி சக்தியும் சேர்க்கவில்லை, பொறுமையை மட்டும் கூட்டியது. அது மூளைக்குக் கெடுதல் என்று தெரிந்தும், கடைசி நாடான அல்ஜீரியா 2021ல் நிறுத்தும்வரை ஏறக்குறைய நூறு வருடம் உலகம் அதைச் சுவாசித்தது.

அப்படியானால் பிரீமியம் போட்டதும் மைலேஜ் கூடியதாக இத்தனை பேர் சொல்கிறார்களே, எல்லோரும் பொய்யா சொல்கிறார்கள்? இல்லை. அளக்கும் முறை அப்படி. டேங்க்கை ஃபுல் பண்ணி, ஓட்டி, மறுபடி ஃபுல் பண்ணிக் கணக்குப் பார்க்கிறோம். ஃபுல் என்பது என்ன? நாசில் டக்கென்று நின்ற இடம். அந்த இடம் நிலையானது இல்லை. வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றால், பையன் வேகமாக அடித்து நுரை கிளம்பினால், நின்றபிறகும் ரவுண்டாக வரட்டும் என்று இரண்டு தடவை விட்டுவிட்டு அழுத்தினால், அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர்வரை மாறும். 30 லிட்டர் நிரப்பும் இடத்தில் ஒரு லிட்டர் தவறினால் அதுவே 3 சதவீதத்துக்கு மேல், அதாவது நீங்கள் தேடும் பலனைவிட அளவுகோலின் பிழை பெரிது. பெட்ரோல் வேறு சூட்டில் விரியும், 10 டிகிரிக்குச் சுமார் 1 சதவீதம். இன்னும் டயர் காற்று, ஏசி, டிராஃபிக், நெடுஞ்சாலை வேகம். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏறும் என்பதால் 80ல் போனவர் 100ல் போனால் மைலேஜ் விழுவது எந்த ஆக்டேனாலும் ஈடுகட்ட முடியாத அளவுக்கு இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, கூடுதல் காசு கொடுத்தவர் அந்த வாரம் கால் மென்மையாகத்தான் ஓட்டுவார். மனித சுபாவம்.

அதனால் சோதித்தே பார்க்கவேண்டும் என்று நினைப்பவர்கள் ஒரு டேங்க்கை வைத்து முடிவு கட்டாதீர்கள். முதல் டேங்க் எப்படியும் பழைய பெட்ரோலோடு கலந்ததுதான், 91ம் 95ம் பாதிப் பாதி கலந்தால் கிட்டத்தட்ட 93தான் ஆகும், அதற்குமேல் இசியூ புதுசுக்குப் பழக நேரம் எடுக்கும். ஒரே பங்க், ஒரே பைப், ஒரே ரூட், நாசில் முதல் தடவை நின்றதும் விட்டுவிடுவது, பல டேங்க் சாதாரணம், பல டேங்க் பிரீமியம், மறுபடி சாதாரணத்துக்கு வந்து பார்ப்பது. கடைசியாகச் சொன்ன அந்தத் திரும்பிவரும் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். திரும்பி வந்தும் மைலேஜ் கீழே இறங்கவில்லை என்றால், முதலில் கூடியதற்குக் காரணம் பெட்ரோல் இல்லை, சீசனோ வேறு ஏதோ மாறியிருக்கிறது.

பிரீமியத்தில் இன்ஜினைக் கழுவும் மருந்து சேர்த்திருக்கிறது, அதற்காகத்தான் போடுகிறேன் என்று சிலர் சொல்வார்கள். அது ஆக்டேன் இல்லாத தனி விஷயம். டிடர்ஜென்ட் சேர்ப்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு, பல இடங்களில் சாதாரண பெட்ரோலிலேயே சேர்க்கிறார்கள். இன்ஜெக்டர் அழுக்காகி மைலேஜ் விழுந்த வண்டிக்கு அது உதவலாம், நல்ல நிலையில் இருக்கும் வண்டிக்கு மேலும் சுத்தம் என்று ஒன்று இல்லை. நேரடி இன்ஜெக்‌ஷன் வண்டியில் இன்டேக் வால்வின் முதுகில் படியும் கரியை அந்த மருந்து தொடவே தொடாது, பெட்ரோல் அந்த வழியாகப் போவதில்லையே.

இதற்கு நேர் எதிரான ஒரு பழக்கமும் உண்டு. சாதாரண பெட்ரோலில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று தட்ட ஆரம்பிக்கும், யாரோ சொல்லி பிரீமியம் போடுவார்கள், சத்தம் நின்றுவிடும், நோய் தீர்ந்தது என்று விட்டுவிடுவார்கள். தீரவில்லை, மூடிவைத்திருக்கிறோம். வயதான இன்ஜினில் பிஸ்டன் தலையிலும் ஹெட்டிலும் கரி ஏறி இடம் குறைந்து கம்ப்ரஷன் கூடியிருக்கலாம், கூலன்ட் சரியாகச் சுற்றாமல் இன்ஜின் சூடாகியிருக்கலாம், வெப்ப அளவு பொருந்தாத பிளக்கை யாராவது மாட்டியிருக்கலாம், எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே விடும் ஈஜிஆர் வால்வு அடைத்திருக்கலாம், எங்காவது காற்று லீக் ஆகிக் கலவையில் பெட்ரோல் குறைந்திருக்கலாம். இதில் எதைச் சரிபண்ணினாலும் ஒரு தடவை செலவு. மூடிவைத்தால் ஒவ்வொரு டேங்க்குக்கும் செலவு, அந்தக் கோளாறும் வளர்ந்துகொண்டே போகும்.

பாட்டிலில் விற்கும் ஆக்டேன் பூஸ்டர் பற்றி அதிகம் எழுதும் எண்ணம் இல்லை, ஒரே ஒரு விவரம் மட்டும். லேபிளில் ‘30 பாயிண்ட் கூடும்’ என்று பெரிதாகப் போட்டிருக்கும். இந்த வியாபாரத்தில் ஒரு பாயிண்ட் என்றால் பத்தில் ஒரு ஆக்டேன். 91 போட்டு பாட்டிலை ஊற்றினால் 121 ஆகாது, அவர்கள் சொல்வதே உண்மையானாலும் 94தான்.

டீசல் வண்டிக்காரர்களும் என்னிடம் ஆக்டேன் கேட்பதுண்டு. அவர்களுக்கு வேண்டியது அதற்கு எதிரான குணம், சீக்கிரம் பற்றிக்கொள்ளவேண்டும், அதன் எண் பெயர் சீட்டேன். விட்டுவிடுங்கள்.

பிரீமியம் கட்டுப்படியாகுமா என்பதற்குப் பெரிய கணக்கு எதுவும் வேண்டாம். லிட்டர் விலை எத்தனை சதவீதம் கூட இருக்கிறதோ, மைலேஜ் அதைவிட அதிக சதவீதம் கூடவேண்டும். விலை 8 சதவீதம் அதிகம் என்றால் லிட்டருக்கு 15 கொடுத்த கார் 16.2க்கு மேல் கொடுக்கவேண்டும். மேலே சொன்ன 2.7 சதவீதச் சராசரியை இதோடு ஒப்பிட்டுப் பார்த்தால், பரிந்துரை வகைக் கார்களிலேயே பெரும்பாலும் மைலேஜை மட்டும் நினைத்து பிரீமியம் போடுவது நட்டத்தில்தான் முடியும் என்று தெரியும். பிக்கப்புக்காகவும், மேட்டில் இன்ஜின் திணறாமல் இருப்பதற்காகவும் போடுகிறேன் என்றால் அது வேறு, அது அவரவர் ஆசை, அவரவர் பணம்.

உங்கள் பக்கத்துக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இப்படிப்பட்ட கேள்வி வந்தால் ‘உங்கள் மேனுவலில் என்ன ஆர்ஓஎன் போட்டிருக்கிறது?’ என்று முதலில் கேட்டு வாங்கிவிட்டுப் பதில் சொல்லுங்கள், அந்த எண் இல்லாமல் சொல்லும் பதில் எதுவும் பாதி ஊகம்தான். மேனுவல் தொலைந்துவிட்டது என்று எழுதுபவர்களிடம் பெட்ரோல் டேங்க் கதவைத் திறந்து உள்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், பல கார்களில் அங்கேயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். எண்ணுக்குப் பக்கத்தில் ‘குறைந்தபட்சம்’ என்று போட்டிருந்தால் அதற்குக் கீழே இறங்கக்கூடாது என்று அர்த்தம், அந்த எண்ணைத் தாண்டினால் மைலேஜ் கூடும் என்று அந்த ஸ்டிக்கர் எங்கும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உங்கள் வாசகர் ஒருவர்